சிறு கருவியும் சிற்றுயிரும்: எளிய கேமராவால் பூச்சிகளை அண்மையில் படமெடுத்தல்

1854-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிங்கப்பூருக்கு வந்த ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், புக்கிட் தீமா வட்டாரத்தில் தங்கிப் பூச்சிகளைத் திரட்டினார். ஏறத்தாழ இரண்டே மாதங்களில் அவருக்கு 700 வகை வண்டுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுப் பகுதியில் கிடைத்தவை என்று, 1869-இல் வெளிவந்த ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்னும் தம் நூலில் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தக் காட்டில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. 1819-க்குப் பிறகு சிங்கப்பூரின் இயற்கை வாழிடங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டதாக, 2003-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. ஆயினும் எஞ்சிய காட்டிலும், பூங்கா இணைப்புப் பாதைகளின் ஓரத்திலும், விரிவுரை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் செடிகளிலும் பூச்சிகள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. நம்மில் பலர் அவற்றைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் எல்லாவற்றையும் ‘பூச்சி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு நடந்துவிடுகிறோம்.

அவற்றை நின்று பார்ப்பதற்கு நல்லதொரு வழி, படமெடுக்கப் பழகுவது. ஆனால், “அதற்கென்று தனி மேக்ரோ லென்ஸ் வேண்டும், பல நூறு வெள்ளி செலவாகும், படிக்கிற காலத்தில் நமக்கு ஆகாது” என்று மாணவர்கள் ஒதுங்கிவிடுவது உண்டு. இந்த அச்சம் தேவையற்றது. வீட்டில் கிடக்கும் பழைய கேமரா, அதனுடன் வந்த சாதாரண லென்ஸ், சில பத்து வெள்ளி, கொஞ்சம் பொறுமை ஆகியவை இருந்தால் போதும். எப்படி என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

உருப்பெருக்கம் என்றால் என்ன?

கேமராவினுள் படத்தைப் பதியும் பகுதியை உணரி என்கிறோம். 10 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டின் உருவம் உணரியின் மீதும் 10 மில்லிமீட்டர் நீளத்திலேயே விழுந்தால், உருப்பெருக்கம் 1:1. உருவம் 5 மில்லிமீட்டராக விழுந்தால் அது 1:2. கணினித் திரையில் படம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது இதில் சேராது.

சாதாரண ஜூம் லென்ஸ்கள் சிலவற்றின் மேல் ‘மேக்ரோ’ என்று பொறிக்கப்பட்டிருக்கும். அவை பெரும்பாலும் 1:3 அல்லது 1:4 அளவையே எட்டும். வண்ணத்துப்பூச்சிக்கு அது போதும்; எறும்புக்குப் போதாது.

உங்கள் கருவியின் திறனை நீங்களே அளந்துகொள்ளலாம். அளவுகோல் ஒன்றை எவ்வளவு அருகில் தெளிவாகக் காட்ட முடியுமோ அவ்வளவு அருகில் படமெடுங்கள். படத்தின் இடப்புறத்திலிருந்து வலப்புறம் வரை எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். மாணவர்கள் பலர் வைத்திருக்கும் ஏபிஎஸ்-சி வகைக் கேமராவின் உணரி ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் அகலம் உடையது. அளவுகோலில் 46 மில்லிமீட்டர் தெரிந்தால் உங்கள் உருப்பெருக்கம் 1:2. 23 மில்லிமீட்டர் தெரிந்தால் 1:1.

செலவு குறைந்த நான்கு வழிகள்

முதலாவது, அண்மை வில்லை. லென்ஸின் முன்புறத்தில் திருகி மாட்டும் கண்ணாடி இது. முதுமையில் படிப்பதற்கு அணியும் மூக்குக்கண்ணாடியைப் போன்ற வேலையைச் செய்கிறது. இதன் ஆற்றல் டையாப்டர் என்ற அலகில் குறிக்கப்படும். 1000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் குவியத் தொலைவு மில்லிமீட்டரில் கிடைக்கும். +4 வில்லைக்கு அது 250 மில்லிமீட்டர். கேமராவில் உள்ள லென்ஸின் குவியத் தொலைவை இந்த எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். கேமராவுடன் மலிவாகக் கிடைக்கும் 55–250 ஜூம் லென்ஸை 250-இல் வைத்து +4 வில்லையை மாட்டினால், 250-ஐ 250-ஆல் வகுக்க, முழு 1:1 கிடைக்கிறது. பூச்சிக்கும் உங்களுக்கும் இடையே 25 சென்டிமீட்டர் இடைவெளியும் இருக்கும். தொடங்குபவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஒற்றைக் கண்ணாடியால் ஆனவற்றில் படத்தின் ஓரங்களில் நிறக்கசிவு தெரியும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தவை சற்று விலை கூடினாலும் தெளிவானவை.

இரண்டாவது, நீட்டிப்பு வளையங்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்தும் வெற்றுக் குழாய்கள் இவை. கண்ணாடி இல்லாததால் விலை குறைவு. வளையத்தின் நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால், கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் வரும். 12, 20, 36 மில்லிமீட்டர் வளையங்கள் மூன்றையும் சேர்த்தால் 68. அதை 50 மில்லிமீட்டர் லென்ஸுடன் பயன்படுத்தினால் ஏறத்தாழ 1.4 மடங்கு. 18 மில்லிமீட்டர் போன்ற அகலக் கோணத்தில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம். பூச்சி லென்ஸின் கண்ணாடியைத் தொடும் நிலை வந்துவிடும்.

மூன்றாவது, லென்ஸைத் திருப்பி மாட்டுவது. இதற்கென ஒரு வளையம் மட்டும் போதும். ஃபிலிம் காலத்து 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பின்புறம் முன்னே வருமாறு மாட்டினால் ஏறத்தாழ 1:1 கிடைக்கும். 28 மில்லிமீட்டர் லென்ஸ் 2 மடங்கைத் தாண்டும். துளையின் அளவைக் கையால் மாற்றும் வளையம் உள்ள பழைய லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். திருப்பி மாட்டிய லென்ஸுக்குக் கேமராவுடன் மின் தொடர்பு இராது; துளை வளையம் இல்லாத புதிய லென்ஸ்களில் துளையைக் கட்டுப்படுத்துவது கடினம். அப்பாவோ மாமாவோ அலமாரியில் போட்டு வைத்திருக்கும் பழைய கேமராவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இதற்கான லென்ஸ் அதிலேயே இருக்கக்கூடும்.

நான்காவது, கைத்தொலைபேசி. 2021-இல் வெளியான ஐஃபோன் 13 புரோ, 2 சென்டிமீட்டர் அருகில் வரை தெளிவாகப் படமெடுக்கும் வசதியுடன் வந்தது. பிறகு வந்த பல தொலைபேசிகளிலும் இத்தகைய வசதி உண்டு. இல்லாதவற்றுக்குக் கவ்விபோல் மாட்டும் சிறு லென்ஸ்கள் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு சென்டிமீட்டர் அருகில் போகும்போது தொலைபேசியின் நிழலே பூச்சியின் மேல் விழுகிறது, பூச்சியும் பறந்துவிடுகிறது. ஆகவே நத்தை, கம்பளிப்புழு, ஓய்வில் இருக்கும் அந்துப்பூச்சி ஆகியவற்றுக்குத் தொலைபேசி ஏற்றது. தும்பிக்கும் ஈக்கும் ஏற்றதன்று.

கூர்மை ஆழம்

அருகில் செல்லச் செல்ல, படத்தில் தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் குறைந்துகொண்டே வரும். ஏபிஎஸ்-சி கேமராவில் 1:1 உருப்பெருக்கத்தில் எஃப்/8 துளையில், அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 2 மடங்கில் அது கால் மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். எறும்பின் கண் தெளிவாக இருக்கையில் அதன் வயிறு மங்கிப்போவது இதனால்தான்.

‘துளையை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடுமே’ என்று தோன்றும். கூடும், ஆனால் ஒரு விலை உண்டு. 1:1 நிலையில் எஃப்/16 என்று வைத்தால், உண்மையில் அது எஃப்/32 போல இயங்கும். அவ்வளவு சிறிய துளையில் ஒளி சிதறி, படம் முழுவதுமே மென்மையாகிவிடும். ஆகவே 1:1-இல் எஃப்/8 முதல் எஃப்/11 வரை நல்ல நடுவழி.

மீதியைக் கோணத்தால் ஈடுசெய்ய வேண்டும். கேமராவின் பின்பக்கமும் பூச்சியின் உடலும் இணையாக இருக்குமாறு நின்றால், கிடைக்கும் மெல்லிய தெளிவுப் பகுதிக்குள் தலை முதல் வால் வரை அடங்கும். முகத்தை நேராக எடுப்பதானால் கண்கள் மட்டும் கூர்மையாக இருந்தால் போதும். கண் தெளிவாக இருந்தால் பிற பகுதிகள் மங்கியிருப்பதைப் பார்ப்பவர் பொருட்படுத்துவதில்லை.

தானியங்கிக் குவியத்தை இங்கே நம்ப வேண்டாம். அதை நிறுத்திவிட்டு, வேண்டிய உருப்பெருக்கத்தை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு உடலை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகத் தெரியும் நொடியில் பொத்தானை அழுத்துங்கள். இடக்கையால் இலைக்காம்பைப் பிடித்து, லென்ஸை அதே கையின் மேல் சாய்த்துக்கொண்டால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே அசையும். முக்காலியைத் தூக்கிச் செல்வதைவிட இது பயன்மிக்கது. பத்துப் படங்களில் ஒன்று தெளிவாக அமைந்தாலே நல்ல விளைச்சல்தான்.

ஒளி

1:1 நிலையில் உணரியை எட்டும் ஒளி கால் பங்காகக் குறைகிறது. துளையும் சிறிது, கையோ நடுங்கும். எனவே ஃபிளாஷ் தேவை. குறைந்த ஆற்றலில் ஃபிளாஷ் ஒளிரும் நேரம் நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் கைநடுக்கமும் பூச்சியின் அசைவும் படத்தில் பதிவதில்லை.

ஆனால் நேரடி ஃபிளாஷ் ஒளி கடுமையானது. வண்டின் பளபளக்கும் முதுகில் வெள்ளைப் புள்ளி விழுந்து நிறம் மறைந்துவிடும். ஒளி மென்மையாவதற்கு ஒரே விதிதான் உண்டு: பூச்சியின் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளி வரும் பரப்பு பெரிதாகத் தெரிய வேண்டும். ஆகவே பரப்பைப் பெரிதாக்குங்கள், அருகிலும் கொண்டுவாருங்கள். இதற்குக் கடைப்பொருள் தேவையில்லை. உருளைக்கிழங்கு வறுவல் வரும் நீண்ட குழாயின் உட்புறம் வெள்ளிபோல் மின்னும். அதை வெட்டி, ஃபிளாஷிலிருந்து லென்ஸின் முனை வரை ஒளியைக் கொண்டுசெல்லும் வழியாக அமைக்கலாம். முனையில், மின்பொருள்களைச் சுற்றிவரும் வெண்ணிற நுரைத்தாளை ஒட்டிவிட்டால் மென்மையான ஒளி கிடைக்கும். வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து லென்ஸின் மேல் கூரைபோல் ஒட்டினாலும் குறைவில்லை.

தொடக்க அமைப்பாக இதை வைத்துக்கொள்ளுங்கள்: கையியக்க முறை, வேகம் 1/200, துளை எஃப்/8, ஐஎஸ்ஓ 200. ஒளியின் அளவை ஃபிளாஷின் ஆற்றலைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். பின்னணி கரியதாக விழுந்தால், பூச்சிக்குப் பின்னால் சிறிது தொலைவில் ஒரு பச்சை இலை இருக்குமாறு கோணத்தை மாற்றுங்கள்.

எப்போது, எங்கே?

மேல்நாட்டு நூல்கள் பலவும் விடியற்காலையில் போகச் சொல்கின்றன. அங்கே இரவுக் குளிரில் பூச்சிகள் மரத்துப்போய், பனித்துளியோடு அசையாமல் இருக்கும். நம் நாட்டில் இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 24, 25 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்பதால், அந்த அறிவுரை இங்கே முழுமையாகப் பொருந்தாது. நமக்கு ஏற்றது மாலைக்குப் பிந்திய நேரம். பகலில் ஓரிடத்தில் நிற்காத பூச்சிகள் பலவும் இருட்டியபின் இலைகளில் அடைந்துவிடும். நீலப்பட்டைத் தேனீக்களின் ஆண்கள் மெல்லிய காம்பைத் தாடைகளால் கவ்விக்கொண்டு உறங்கும். சில்வண்டும் கும்பிடுபூச்சியும் தோலுரிப்பதைக் காண்பதற்கும் இரவே ஏற்றது. அப்போது அவற்றைத் தொடவே கூடாது. புதிய தோல் இறுகும் முன் கீழே விழுந்தால் உடல் கோணிவிடும்.

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரைதான் திறந்திருக்கும். இரவுப் பயிற்சிக்கு வீட்டருகே உள்ள பூங்காவும் வளாகத்துப் புதர்களுமே போதும். நண்பர் ஒருவருடன் செல்லுங்கள். கைவிளக்கை அவர் பிடிக்கட்டும்.

பகலில் எடுப்பதானால் அணுகும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். பூச்சியின் கூட்டுக்கண் அசைவை எளிதில் உணரும். குறுக்கே நடக்காமல் நேர்க்கோட்டில் மெதுவாக நெருங்குங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தும்பி பறந்துவிட்டால் துரத்த வேண்டாம். பல வகைத் தும்பிகள் அதே குச்சிக்குத் திரும்பி வரும். அசையாமல் நின்றால் அதுவே உங்களிடம் வரும்.

ஒரு பாடம்: முசுறும் அதன் போலியும்

இனி, மேற்சொன்னவற்றை ஓர் உயிரிடம் பயன்படுத்திப் பார்ப்போம். மாமரம் போன்ற மரங்களில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் செந்நிற எறும்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலாய் மொழியில் இதைக் கெரெங்கா என்பர். தமிழில் முசுறு. சங்க இலக்கியத்தில் முயிறு என்ற பெயரில் இது வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவர்கள் இதைப் பெயரிட்டு அறிந்திருந்தார்கள்.

வேலைக்கார எறும்புகளில் பெரியவை 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். 1:1 உருப்பெருக்கத்தில் அது படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நிரப்பும்; அதுவே போதுமான அளவு. கூட்டின்மேல் மூச்சு படாமல் நில்லுங்கள். மூச்சுக்காற்று பட்டால் கூட்டமே கிளர்ந்தெழும். கடிப்பதோடு கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சும். கூடு கட்டும்போது பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். சில எறும்புகள் இரு இலைகளின் விளிம்புகளை இழுத்துப் பிடித்துக்கொள்ள, வேறு சில தம் கூட்டத்தின் புழுக்களை வாயில் தூக்கி வந்து, அவற்றின் பட்டு நூலால் இலைகளை ஒட்டும். தறியில் நாடா போய்வருவதைப் போலப் புழு இங்கும் அங்கும் போய்வரும்.

அதே இலைகளில் சற்றுத் தள்ளி, தனியாகத் திரியும் ஒரு ‘முசுறை’யும் தேடுங்கள். நிறமும் அளவும் நடையும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பக்கவாட்டிலிருந்து, உடலுக்கு இணையாக நின்று ஒரு படம் எடுங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது எறும்பே அன்று. பூச்சியினத்தையே சேராத, மைர்மாப்ளாட்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்த குதிக்கும் சிலந்தி அது. முன்னங்கால்கள் இரண்டையும் உயர்த்தி உணர்கொம்புகள் போல ஆட்டுகிறது. உடலின் முன்பகுதி நடுவில் ஒடுங்கி, தலையும் மார்பும் தனித்தனியே இருப்பதுபோல் தோன்றுகிறது. தலையின் பக்கங்களில் உள்ள கரும்புள்ளிகள் எறும்பின் கண்களைப் போலிருக்கும். முகத்தை நேராக எடுத்தால் முன்னால் இரு பெரிய சிலந்திக் கண்கள் உங்களையே பார்க்கும். ஆண் சிலந்தியின் தாடைகள் மிக நீண்டவை. அது வேறோர் எறும்பைக் கவ்விச் செல்வதுபோல் தெரியும். முசுறைக் கண்டு விலகும் எதிரிகள் இதையும் விட்டு விலகுகின்றன. சிலந்தியோ முசுறுகளின் அருகிலேயே வாழ்ந்தாலும் அவற்றின் மேல் படாமல் ஒதுங்கிக்கொள்கிறது. நெருக்கடி வந்தால் நூலில் தொங்கி இறங்கிவிடுகிறது.

இதைக் கண்டறிய ஆயிரக்கணக்கான வெள்ளி மதிப்புள்ள லென்ஸ் தேவைப்படவில்லை. ஒரு +4 வில்லை, ஒரு தாள், சரியான கோணம் ஆகியவை போதுமாயிருந்தன.

படம் பதிவாகட்டும்

அழகான படம் நம் கணினியில் முடங்கிப்போகலாம். நாள், நேரம், இடம், எந்தச் செடி என்ற நான்கு குறிப்புகளைச் சேர்த்துவிட்டால் அதுவே ஓர் ஆவணம். முதுகு, பக்கவாட்டு, முகம் என மூன்று கோணங்களில் எடுங்கள். இனத்தை அடையாளம் காண்பவர்களுக்கு ஒரு கோணம் போதாது. 2008-இல் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படங்களைப் பதிந்தால் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் இனத்தை அறிய உதவுவார்கள். உறுதிசெய்யப்பட்ட பதிவுகள் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2015-இல் திறக்கப்பட்ட லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திற்கும் ஒருமுறை சென்று வாருங்கள். ஊசியில் குத்தப்பட்ட மாதிரிகளைப் பார்த்தபின் உயிருள்ளவற்றைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

வாலஸ் உயிர்களைப் பிடித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தேவை இல்லை. படத்துக்காகப் பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மரக்கச் செய்வதும், பசையிட்டு ஒட்டுவதும் வேண்டாம். இயற்கை வனப்பகுதிகளிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றமும் ஆகும்.

கருவியைப் பற்றிச் சில குறிப்புகள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஈரம் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே சிறிது நேரம் வைத்திருந்து பிறகு எடுங்கள். நம் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சில சிலிக்கா பொட்டலங்களும் அதைத் தடுக்கும். கொசுவிரட்டி பூசுவது அவசியம். ஆனால் டீட் கலந்த கொசுவிரட்டி சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும் என்பதால், கையைத் துடைத்துவிட்டுக் கேமராவைத் தொடுங்கள்.

பயிற்சி

அடுத்த மாதம் முழுவதும் ஒரே ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். வளாகத்திலோ அடுக்குமாடியின் கீழோ அது இருக்கலாம். வாரம் இருமுறை, ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவிலும், அதில் காணும் ஒவ்வோர் உயிரையும் படமெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அறிவியல் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தேடி எழுதுங்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் படத்தைக் காட்டிக் கேளுங்கள்; தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் அகராதியில் இல்லாத பெயர்களையும் சொல்லக்கூடும். அப்பெயர்கள் அவர்களோடு போய்விடாமல் இருக்க, படத்தின் கீழே எழுதி வையுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் நிறத்தையும் செயலையும் வைத்து நீங்களே ஒரு பெயரை முன்மொழியுங்கள். மாத இறுதியில் பேரவை நண்பர்களோடு பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘பூச்சி’ என்ற ஒரே சொல் இருந்த இடத்தில் முப்பது சொற்களாவது வந்து சேர்ந்திருக்கும்.